கனகசபாராயரின் மூக்கும் புதுமழை ஈசலும்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டை ஒரு முகம் ஆண்டுவந்தது. ராஜாவின் முகம் என்று நினைத்துவிடாதீர்கள். ராஜா வீரகண்ட பூபதிக்கும் முகம் இருந்தது. மீசையும் கிருதாவுமாக, காசில் அச்சடிக்கத் தோதாக. ஆனால் ஆண்டது அதுவல்ல. அமுதுபடி அதிகாரி கனகசபாராயரின் முகம்.

ராஜாவின் இலையில் விழுகிற ஒவ்வொன்றையும் முதலில் தன் நாக்கில் வைத்துப் பார்ப்பதுதான் ராயருக்கு வேலை. விஷம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அவரை வைத்தார்கள். நாளடைவில் விஷம் மறந்துபோய், அந்த இடத்தில் ருசி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. ராயரின் புருவம் உயர்ந்தால் ராஜா சாப்பிடுவார். ராயரின் மூக்கு சுருங்கினால் பண்டம் வந்த வழியே திரும்பும். தன் நாக்கை ராஜா பேசுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டார். சாப்பாட்டு விஷயத்துக்கு ராயர் முகமே போதும் என்று விட்டுவிட்டார்.

ஒரு சமயம் ராயருக்குப் பல்வலி. அன்று பார்த்து இலையில் பாகற்காய். மூக்கு சுருங்கியது. மறுநாள் நகரத்திலிருந்த பாகற்கொடிகளையெல்லாம் வேரோடு பிடுங்கி எறிந்தார்கள். பல்வலி போய்விட்டது. பாகற்காய் திரும்பி வரவில்லை. கேட்பார் யார்?

கேட்க நினைத்தவன் ஒருவன் இருந்தான். பிச்சாண்டி என்று பெயர். சபையில் விகடம் பேசிப் பிழைக்கிறவன். விகடம் பேசுகிறவன் எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பான் என்று நாம் நினைக்கிறோம். பிச்சாண்டிக்கு எப்போதும் வந்தது கோபம்தான். கோபத்தைக் கோபமாகவே சொன்னால் தலை மிஞ்சாது என்பதால் அதைச் சிரிப்பாக மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் பேச்சுக்கு ராஜா சிரிக்கிற ஒவ்வொரு முறையும் ராயருக்கு வயிறு எரியும். சபையில் எல்லோரும் பார்க்கவேண்டியது தன் முகத்தையல்லவா!

அந்த வருஷம் முதல் மழை பெய்து ஓய்ந்த சமயம், சபைக்கு ஒரு பெண் வந்தாள். குடைமலைக்காரி. மாதி என்று பெயர். அவர்கள் ஊருக்கு அவள்தான் தலைவி. குடைமலை ஜனங்கள் தேனும் கிழங்கும் கொண்டுவந்து, கோட்டைக்குள் கிழக்கு வாசல் தெருவில் உட்கார்ந்து விற்று, உப்பு வாங்கிப் போகலாம் என்று ராஜா அப்போதுதான் அனுமதி கொடுத்திருந்தார். அதுவரைக்கும் ஆற்றுத்துறைத் தரகர்கள் ஒரு குடம் தேனுக்கு ஒரு கொட்டாங்கச்சி உப்பை அளந்து ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள். அனுமதி கொடுத்த ராஜாவுக்கு நன்றி சொல்ல வந்தாள் மாதி. கையில் ஒரு மூங்கில் குழாய்.

ராஜாவுக்கு முன்னால் வந்து, குழாயை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினாள்.

"எங்க மலையில புதுமழை பேஞ்சுதுங்க சாமி. முதல் பிடி உங்களுக்குத்தான்."

ராயர் எழுந்து வந்தார். குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். "இது என்ன பண்டம்?"

"ஈசலுங்க. றெக்கையைப் புடைச்சுட்டு, மண்சட்டியில வறுத்து, பொரியரிசியும் எள்ளும் போட்டிருக்குங்க."

ராயரின் மூக்கு சுருங்கத் தொடங்கியது. முதலில் நுனி, பிறகு தண்டு, பிறகு இரண்டு கன்னமும் மேலே ஏறிக் கண்ணை மூடின. ஒரு கை அங்கவஸ்திரத்தை எடுத்து வாயைப் பொத்தியது. "பூச்சி! மகாராஜா, பூச்சி!" என்றார். ராயர் முகத்தைப் பார்த்து ராஜாவின் முகம் சுளித்தது. ராஜா முகத்தைப் பார்த்து மந்திரி, தளவாய், புலவர் என்று வரிசையாக ஒவ்வொரு முகமும் சுளித்தது. கடைசியில் விசிறி வீசுகிறவன்கூடச் சுளித்தான். அவன் வீட்டில் மழைக்கு மழை ஈசல் வறுக்கிறவர்கள்தான். பாவம், வேலை போய்விடக் கூடாதே!

மாதி நகரவில்லை. நீட்டின கை நீட்டினபடியே இருந்தது.

"என்னம்மா நிற்கிறாய்? எடுத்துக்கொண்டு போ" என்றார் மந்திரி.

"நீட்டின கையை மடக்கக் கூடாதுங்க சாமி. எங்க வழக்கம் அது. ஒருத்தராச்சும் ஒரு வாய் தின்னாத்தான் கை இறங்கும்."

சபை சிரித்தது. "அப்படியானால் இங்கேயே நிற்கட்டும், விளக்கு வைத்துக்கொள்ளலாம்!" என்றார் புலவர். அதற்கும் ஒரு சிரிப்பு. மாதி யாரையும் கெஞ்சிப் பார்க்கவில்லை. குழாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிச்சாண்டிக்குக் காது மடல் சுட்டது. மலையிலிருந்து மழையில் நனைந்து வந்தவள். அவள் கொண்டுவந்தது பிடிக்கவில்லையா, பிடிக்கவில்லை என்று மரியாதையாகச் சொல்லத் தெரியாதா? நூறு சாஸ்திரம் படித்த வாய்களுக்கு ஒரு கும்பிடு போடத் தெரியாதா? இதற்குப் பெயர் சபையாம்!

எழுந்து போனான். குழாயில் கையை விட்டு ஒரு பிடி எடுத்தான். உள்ளதைச் சொல்லவேண்டும், அந்தப் பிடி வாய்க்குக் கிட்டே வந்தபோது அவன் மூக்கும் சுருங்கத்தான் பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டு போட்டுக்கொண்டான். மென்றான். மொறுமொறு என்றிருந்தது. எள்ளின் மணம் வந்தது. வெண்ணெய் போல ஏதோ ஒன்று நாக்கில் கரைந்தது.

கண்ணைத் திறந்து, "தாயே, இன்னொரு பிடி எடுத்துக்கலாமா?" என்று கேட்டான்.

மாதியின் கை இறங்கியது. "எடுத்துக்க அண்ணா. உனக்கில்லாததா?" என்றாள்.

ராயர் இதற்காகத்தான் காத்திருந்தவர்போல ராஜாவின் பக்கம் திரும்பினார்.

"மகாராஜா! இந்த அவையின் ஆசாரம் இன்று குலைந்தது. பூச்சியைக் கொண்டுவந்தவளின் ஜனங்கள் கிழக்கு வாசலில் இருக்கிறார்கள். அதைத் தின்றவனும் தங்கள் முன்னால் நிற்கிறான். தாங்கள் ஓர் ஆணை பிறப்பிக்கவேண்டும்."

முகம் சுளித்த களைப்பில் இருந்த ராஜா, யோசிக்காமல் ஆணை பிறப்பித்தார். "முகம் சுளிக்க வைக்கும் உணவு எதுவும் இனி என் கோட்டைக்குள் இருக்கக் கூடாது. அதை உண்கிறவர்களும் இருக்கக் கூடாது. நாளை உச்சிவேளைக்குள் எல்லாம் வெளியேறவேண்டும்."

"நிறைவேற்றும் பொறுப்பைப் பிச்சாண்டியிடமே ஒப்படைக்கலாம்" என்றார் ராயர், தேன் தடவின குரலில். "அத்தகைய ஏதேனும் ஒன்று உள்ளே மிஞ்சினால், அவரும் அந்த ஜனங்களோடு மலைக்குப் போய்விடலாம். அங்கே பூச்சிக்குப் பஞ்சமில்லை."

சபை மறுபடியும் சிரித்தது. பிச்சாண்டி சிரிக்கவில்லை. குனிந்து கும்பிட்டான்.

"உத்தரவு மகாராஜா. ஒரே ஒரு சந்தேகம். யார் முகம் சுளித்தால் கணக்கு?"

"இந்த அவையில் யார் முகம் சுளித்தாலும்" என்றார் ராஜா.

"எந்த உணவாக இருந்தாலுமா?"

"எந்த உணவாக இருந்தாலும்! ராஜ ஆணையில் பாரபட்சம் ஏது?"

"அதுதானே வேண்டியது" என்றான் பிச்சாண்டி.

கிழக்கு வாசல் தெருவில் குடைமலை ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் சண்டை போடவில்லை, சாபம் விடவில்லை. அதைப் பார்க்கப் பார்க்கப் பிச்சாண்டிக்கு இன்னும் கோபம் வந்தது.

"உப்பு வாங்கியாச்சா?" என்று கேட்டான்.

"இன்னும் இல்லண்ணா. தேன் வித்தாத்தானே உப்பு? பெருமழை புடிச்சா ஆத்துல எறங்க முடியாது. மழைக்காலம் பூராவும் உப்பில்லாமதான் கஞ்சி" என்றாள் மாதி. "துறைக்காரனுங்ககிட்டயே போகவேண்டியதுதான். இந்தத் தடவை கொட்டாங்கச்சியைச் சின்னதாக்கிடுவானுங்க."

"அதெல்லாம் வேண்டாம். நான் ஒன்று சொல்கிறேன், கேள். நாளைக்கு உன்னை அரண்மனைப் பந்தியில் உட்கார வைக்கிறேன். அவர்கள் சாப்பாடு உனக்குப் புதுசு. ஒவ்வொன்றையும் பார்த்து நீ முகத்தைச் சுளி. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்."

மாதி அவனைப் பார்த்த பார்வையில், அவன் ஏதோ ஆட்டைத் திருடச் சொன்னதுபோல இருந்தது.

"சோறு போடறவங்க முன்னாடியா?"

"ஆமாம். லேசாகச் சுளித்தால் போதும்."

"வராதுங்கண்ணா."

"பழகிப் பாரேன். இதோ, இப்படி." பிச்சாண்டி ராயரைப் போல மூக்கைச் சுருக்கிக் காட்டினான். சுற்றி நின்ற பெண்கள் சேலைத் தலைப்பில் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார்கள். மாதி முயன்று பார்த்தாள். மூக்கு கொஞ்சம் அசைந்தது. உடனே வெட்கப்பட்டுக் கையால் மூடிக்கொண்டாள்.

"எங்க வீட்டுல சின்ன வயசிலேயே இதுக்கு அடி விழும்ண்ணா. புடிக்கலைன்னா ஒரு வாய் தின்னுட்டுப் போதும்னு சொல்லலாம். மூஞ்சியைக் காட்டக் கூடாது. விடு. உப்பில்லாமலே இருந்துக்கறோம்."

பிச்சாண்டி தலையில் கைவைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். உப்பை இழந்தாலும் இழப்பாளாம், மரியாதையை இழக்கமாட்டாளாம். இவளைத்தான் ஆசாரம் தெரியாதவள் என்று வெளியே தள்ளுகிறார்கள்! சரி, இவளுக்குச் சுளிக்க வரவில்லை. வேலையே அதுவாக இருக்கிறவர்கள் ஒரு சபை நிறைய இருக்கிறார்களே?

"சரி, நீ சுளிக்கவேண்டாம். வாசலுக்கு வெளியே ஒரு புளியமரம் இருக்கிறதல்லவா? நாளை உச்சிவேளை வரைக்கும் அதன் நிழலில் இருங்கள். உங்களுக்கு விருந்து வரும்."

"யாரு போடறாங்க?"

"ராஜா."

"அப்ப இருக்கோம். விருந்துன்னு சொன்னப்புறம் போயிட்டா மரியாதை இல்ல."

மறுநாள் பந்தி. ராஜாவின் பிறந்த நட்சத்திரம் என்பதால் சபை முழுவதும் வந்து உட்கார்ந்திருந்தது. மடைப்பள்ளித் தலைவர் தாண்டவம் விடியலிலிருந்து அடுப்படியில் வெந்து, வேர்த்து, அண்டா அண்டாவாகச் சமைத்து வைத்திருந்தார். ராயர் ராஜாவுக்கு எதிரே தன் முகத்தைத் துடைத்துத் தயாராக வைத்துக்கொண்டார்.

பிச்சாண்டி வாசற்படியில் நின்றான். பின்னால் காவலர்கள்.

"மகாராஜா, உச்சிவேளை நெருங்குகிறது. தெருவைச் சோதித்தாயிற்று. அரண்மனை ஒன்றுதான் பாக்கி. ஒவ்வொரு பண்டமும் என்ன, எங்கிருந்து வந்தது என்று அவைக்குச் சொல்லிவிடுகிறேன். நேற்று அந்தப் பெண்ணிடமும் ராயர் அதைத்தானே கேட்டார்?"

"நியாயம். சொல்" என்றார் ராஜா, இலையில் தண்ணீர் தெளித்தபடி.

முதலில் தேன்குழம்பில் ஊறின பலாச்சுளை வந்தது. ராயரின் புருவம் சந்தோஷமாக உயரத் தொடங்கியது.

"இதிலிருக்கும் தேன்" என்றான் பிச்சாண்டி. "ஒரு பூச்சி பூவில் போய்க் குடித்தது. வயிற்றில் வைத்துக்கொண்டு பறந்து வந்தது. கூட்டில் வந்து கக்கியது. இன்னொரு பூச்சி அதை வாயில் வாங்கிக்கொண்டு, மறுபடியும் கக்கியது."

தளவாயின் கை பாதி வழியில் நின்றது. முகம் சுளித்தது.

"தளவாய் சுளித்துவிட்டார். எடுங்கடா!" என்றான் பிச்சாண்டி. காவலர்கள் பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு கிழக்கு வாசலுக்கு நடந்தார்கள்.

"இது அநியாயம்! தேனும் ஈசலும் ஒன்றா?" என்று குதித்தார் ராயர்.

"ஒன்றில்லைதான். ஈசலை யாரும் கக்கவில்லை" என்றான் பிச்சாண்டி. "நான் சொன்னதில் பொய் இருந்தால் சொல்லுங்கள், திருப்பிக் கொண்டுவரச் சொல்கிறேன்."

பொய் ஒன்றும் இல்லை. அதுதான் தொந்தரவு.

அடுத்து சாம்பார் வாளி. அதில் மிதந்த பெருங்காயத்தின் கதை வந்தது: எங்கோ ஒரு தேசத்தில் ஒரு செடியின் வேரைக் கீறி, வடிகிற பாலை நாறுகிறவரை காயவிட்டு, ஒட்டகத்தின் முதுகு வியர்வையோடு வியர்வையாக மூட்டை கட்டி வந்த கதை. புலவர் வாயைப் பொத்திக்கொண்டார். வாளி போயிற்று. மாவடு ஜாடி வந்தது. "வளர விடாமல் கொன்ற பிஞ்சுகள் மகாராஜா. போன கோடையில் உப்பிலே புதைத்தார்கள். தோல் சுருங்கி, நீர் விட்டு, இன்றைக்குத்தான் தோண்டி எடுத்திருக்கிறார்கள்." மந்திரி எழுந்தே போய்விட்டார். ஜாடியும் போயிற்று.

ராஜாவுக்குப் பசி. "தயிராவது இருக்கட்டும்!" என்றார்.

"இருக்கட்டும் மகாராஜா. கன்றுக்குட்டி குடித்துக்கொண்டிருந்ததைக் கயிற்றைப் போட்டு இழுத்துக் கட்டிவிட்டு, அதன் வாய் எச்சில் காய்வதற்குள் கறந்த பால். அதில் நேற்றைய தயிரில் ஒரு சொட்டு விட்டு, மூடி வைத்து, புளித்து, கெட்டு, கட்டிக்கட்டியாக ஆனபிறகு..."

ராஜாவின் முகமே சுளித்தது.

"எடுங்கடா!"

"பிச்சாண்டி! சுளித்தது நான்!"

"யார் முகம் சுளித்தாலும் என்று உத்தரவு, மகாராஜா. பாரபட்சம் கூடாது."

ராயர் எழுந்து நின்று கையை வீசினார். அவர் மீசையிலிருந்து வாசனை பறந்தது. பிச்சாண்டி மூக்கை நீட்டி முகர்ந்தான்.

"ராயர் மீசையில் புனுகு தடவியிருக்கிறார். புனுகுப்பூனையின் வாலைத் தூக்கி, அதற்கு அடியில்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். "போகட்டும். மீசை உணவல்ல. ஆணை அதைத் தொடாது."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. பசியில் அது பாதியிலேயே நின்றுவிட்டது. கடைசி அண்டாவும் வெளியே போய், வெறும் இலை மட்டும் மிஞ்சியது. அண்டாக்களுக்குப் பின்னாலேயே தாண்டவமும், "என் சமையல், என் சமையல்" என்று புலம்பிக்கொண்டு ஓடினார்.

ராஜா எழுந்தார். "எங்கே கொண்டுபோனார்கள்? பார்க்கவேண்டும்!" விடுவிடுவென்று நடந்தார். சபை பின்னாலேயே ஓடியது.

வாசலுக்கு வெளியே புளியமர நிழலில் குடைமலை ஜனங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தேக்கிலையில் ராஜவிருந்து. மாதி மாவடுவை வாயில் போட்டாள். உப்பும் புளிப்பும் ஏறி அவள் கண்ணில் நீர் முட்டியது. முகம் மட்டும் அப்படியே இருந்தது. எதிரே தாண்டவம், வாத்தியார் முன்னால் நிற்கிற பிள்ளைமாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ராஜா அவளருகே போனார். "பிடித்திருக்கிறதா?"

மாதி எழுந்து கும்பிட்டாள். "சாம்பார் ரொம்ப நல்லா இருக்குங்க சாமி. ஊறுகா கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்கு, பழகினா வசப்படும். இந்தத் தயிருதான்... நாங்க பால் கறக்கிறதில்லைங்க. கன்னுக்குட்டி நெனப்பு வருது. ஒரு வாய் தின்னுட்டேன்."

"பிடிக்காததைத் தின்று ஏன் முகம் சுளிக்கவில்லை?"

"எப்படிங்க சாமி சுளிக்கறது? சமைச்சவரு இதோ நிக்கிறாரே!"

தாண்டவம் அழுதுவிட்டார். அரண்மனையில் கரண்டி பிடித்த நாளிலிருந்து அவர் கண்டதெல்லாம் ராயரின் புருவம்தான். தான் நிற்பதை ஒருவர் பார்த்துச் சாப்பிட்டது இதுவே முதல் தடவை.

வெட்கம் என்பது ராஜாக்களுக்குப் பழக்கமில்லாத பண்டம். விழுங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு ராஜா பட்டுவேட்டியோடு புளியமரத்தடி மண்ணில் உட்கார்ந்தார்.

"இது கோட்டைக்கு வெளியேதானே பிச்சாண்டி? இங்கே சாப்பிட்டால் ஆணை மீறியதாகாதே?"

"ஆகாது மகாராஜா."

மாதி மூங்கில் குழாயை எடுத்து, இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினாள். ராஜா கையை விட்டார். ஒரு பிடி எடுத்தார். பழக்கதோஷம், தலை தானாக ராயரின் பக்கம் திரும்பியது. ராயர் அங்கே மூக்கைச் சுருக்கித் தயாராக நின்றார். பிச்சாண்டி சட்டென்று குடைபிடிக்கிறவன் கையிலிருந்த வெண்கொற்றக் குடையைப் பிடுங்கி, ராயர் முகத்துக்கு முன்னால் விரித்துப் பிடித்தான்.

பார்ப்பதற்கு முகம் இல்லை. ராஜா ஈசலை வாயில் போட்டுக்கொண்டார். மென்றார்.

"இது..." என்றார் ராஜா. இன்னும் கொஞ்சம் மென்றார். "இது நன்றாக இருக்கிறதே! அடப்பாவி ராயரே, இன்னும் எதையெல்லாம் ஐயா என் வாயிலிருந்து தடுத்தீர்?"



ஆணை அந்த இடத்திலேயே ரத்தாயிற்று. குடைமலை ஜனங்கள் மூட்டையைப் பிரித்துக்கொண்டு கிழக்கு வாசல் தெருவுக்குத் திரும்பினார்கள். அன்றைக்கே தேன் விற்றது, உப்பும் வாங்கினார்கள். ராயரை லாயத்துக்கு மாற்றினார் ராஜா. கொள்ளும் புல்லும் பார்க்கிற வேலை. குதிரைகள் யார் முகத்தையும் பார்த்துத் தின்பதில்லை என்பதால் அங்கே ஒரு சேதமும் இல்லை.

இத்தனைக்கும் முன்னால், ஆணை ரத்தானவுடனேயே, புளியமரத்தடியில் ராஜா தன் தோளிலிருந்த சரிகைச் சால்வையை எடுத்துப் பிச்சாண்டிக்குப் போர்த்தினார். "உட்கார். காலையிலிருந்து நீ ஒன்றும் சாப்பிடவில்லை. என் கையால் பரிமாறுகிறேன்" என்று, பெரிய கரண்டி நிறைய எடுத்து அவன் இலையில் போட்டார். தயிர்.

பிச்சாண்டி இலையைப் பார்த்தான். கயிற்றில் கட்டின கன்றுக்குட்டி அவனைப் பார்த்தது. எச்சில், புளிப்பு, கட்டி என்று அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் வெள்ளை வெளேரென்று இலையில் கிடந்தது. மூக்கு நுனி லேசாக இழுத்தது. நிமிர்ந்தான். தாண்டவம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாதி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டான். விழுங்கினான்.

"அருமை, தாண்டவம்" என்றான்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, புளியமரத்துக் காக்கைகளெல்லாம் பறந்தோடச் சிரித்துவிட்டு, இன்னொரு கரண்டி போட்டார்.